மாற்றிப் பொருத்திய செல்லுக்கு எதிரான நோயெதிர்ப்பை அளக்கும்போது: அறிகுறி பார்த்துக் கோளாறு கண்டுபிடிக்கும் வழி

ஓர் எலிஸ்பாட் தட்டு (ஒவ்வொரு செல்லும் சுரப்பதை ஒரு புள்ளியாகக் காட்டும் சோதனைத் தட்டு) கெட்டுப்போனால் போவது நம் இரண்டு நாள் உழைப்பு மட்டுமில்லை. பிறருடைய செல்லைப் பொருத்தும் சிகிச்சை செய்துகொண்ட ஒருவர் கை நீட்டிக் கொடுத்த ரத்தமும் அதோடு போகிறது. சிகிச்சைக்குப் பிந்திய மூன்றாவது மாத ரத்தத்தை நான்காவது மாதம் எடுக்க முடியாது. சிங்கப்பூரின் ஊட்ரம், புவன விஸ்தா, கெண்ட் ரிட்ஜ் பக்கத்து ஆய்வகங்களில் புதிதாகச் சேரும் நம் பிள்ளைகள் “அக்கா, தட்டு வெள்ளையா இருக்கு, என்ன பண்றது?” என்று கேட்கும்போதெல்லாம் நான் சொல்வதை இங்கே ஒழுங்குபடுத்தி எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒன்று. தட்டு சரியாக வரவில்லை என்றதும் புதுக் கிட்டுக்கு ஆர்டர் போடாதீர்கள். நான் பார்த்தவரை கோளாறு பெரும்பாலும் செல்லில்தான் இருக்கும், கிட்டில் இருப்பது அபூர்வம். அதனால் ஒவ்வோர் அறிகுறிக்கும் காசில்லாமல் பார்க்கக்கூடியதை முதலிலும், செலவு வைப்பதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

நான் மனதில் வைத்திருக்கும் அமைப்பு இதுதான்: நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த பிபிஎம்சி (ஒற்றைக்கரு வெள்ளணு) குழிக்கு 2 முதல் 3 லட்சம்; கதிர்வீச்சு கொடுத்துப் பெருக முடியாமல் செய்த கொடையாளி செல் அதே அளவு; பிவிடிஎஃப் சவ்வு ஒட்டிய 96 குழித் தட்டு; 37 டிகிரியில், 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடில் 18 முதல் 24 மணி நேரம்; அப்புறம் பயோட்டின் ஒட்டிய ஆன்டிபாடி, ஸ்ட்ரெப்டாவிடின் ஏஎல்பி (அந்தப் பயோட்டினில் ஒட்டும் நொதி), பிசிஐபி/என்பிடி சாயம் (அந்த நொதி பட்டால் நிறம் மாறுவது). தேடுவது இன்டர்ஃபெரான் காமா, அதாவது எதிர்க்கும் டி செல் (நோயெதிர்ப்பு வெள்ளணு) சுரக்கும் புரதம். கடைசி இரண்டு தலைப்புகள் சிஎஃப்எஸ்இ சோதனைக்கும் (சாயம் வைத்துச் செல் பிரிவதை அளப்பது) ஆன்டிபாடிச் சோதனைக்கும்.

## எதையும் தொடும் முன்: கன்ட்ரோல் குழிகளைப் படியுங்கள்

தட்டில் இந்த ஆறும் இருக்க வேண்டும்: செல்லே இல்லாத குழி, நோயாளி செல் மட்டும், கொடையாளி செல் மட்டும், நோயாளி செல்லோடு அவருடைய சொந்தச் செல்லையே கதிர்வீச்சு கொடுத்துச் சேர்த்தது, நோயாளி செல்லோடு சம்பந்தமில்லாத மூன்றாம் நபர் செல், பிஎச்ஏ (டி செல்லைப் பொதுவாகத் தூண்டும் பொருள்) போட்ட குழி. இவற்றோடு, எப்போதும் நன்றாக வேலை செய்யும் ஆரோக்கியமான ஒருவரின் உறைசெல் ஒரு குப்பியையும் ஒவ்வொரு தட்டிலும் ஓட்டுங்கள். நோயாளி குழி குறைந்துவிடுகிறதே என்று இதைத் தவிர்ப்பவர்கள் இருக்கிறார்கள். கோளாறு வந்த அன்று, கிட்டா செல்லா என்ற கேள்விக்குப் பதில் சொல்லப் போவது அந்தக் குப்பி ஒன்றுதான்.

எண்ணும் இயந்திரம் தரும் எண்ணை அப்படியே நம்பிவிடாமல் தட்டை ஸ்டீரியோ நுண்ணோக்கியில் கண்ணால் பாருங்கள். உண்மையான புள்ளி நடுவில் அடர்த்தியாகவும் ஓரம் போகப்போக மங்கலாகவும் இருக்கும், ஏனென்றால் செல் சுரந்தது நாலாபக்கமும் பரவிக்கொண்டே சவ்வில் பிடிபடுகிறது. ஓரம் கத்தியால் வெட்டியது போலக் கூர்மையாக இருந்தால் அது தூசி, சாயத் துகள் அல்லது செத்த செல் கட்டி. இயந்திரம் இரண்டையும் ஒன்றாகவே எண்ணிவிடும். தட்டு நன்றாகக் காய்ந்த பிறகே பாருங்கள். ஈரமான சவ்வு கருத்துத் தெரியும்.

## தட்டு முழுக்க வெள்ளை, பிஎச்ஏ குழியிலும் ஒன்றுமில்லை

முதலில் ஆரோக்கியமானவரின் குழியைப் பாருங்கள். அங்கே புள்ளி இருந்தால் அடுத்த தலைப்புக்குப் போய்விடலாம். அங்கேயும் வெள்ளை என்றால்:

சாயம் உயிரோடு இருக்கிறதா? மீந்த ஸ்ட்ரெப்டாவிடின் ஏஎல்பி ஒரு சொட்டு, சாயம் ஒரு சொட்டு, சின்னக் குழாயில் சேர்த்துப் பாருங்கள். சில நிமிடத்தில் கருநீலமாக வேண்டும். ஆகவில்லை என்றால் இரண்டில் ஒன்று செத்துவிட்டது. ஏஎல்பிக்குப் பதில் எச்ஆர்பி என்ற நொதி வைத்துச் செய்பவர்கள் கழுவும் பஃபரில் சோடியம் அசைடு இருக்கிறதா என்று பாருங்கள். அசைடு எச்ஆர்பியைக் கொன்றுவிடும்.

சவ்வு நனைந்ததா? ஆன்டிபாடி பூசாத தட்டு வாங்கியிருந்தால், 35 சதவீத எத்தனால் குழிக்கு 15 மைக்ரோலிட்டர் விட்டு ஒரு நிமிடத்துக்குள் கழுவ வேண்டும். சரியாக நனைந்தால் வெள்ளைச் சவ்வு சாம்பல் நிறமாகி லேசாக ஒளி ஊடுருவும். அதைக் கண்ணால் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது. நனைத்த சவ்வை ஆன்டிபாடி பூசும் முன் காயவும் விடக் கூடாது. ஏற்கெனவே பூசிய தட்டுக்கு எத்தனால் தேவையில்லை.

ஆன்டிபாடி ஜோடி சரியா? ஒரே ஃபிரிட்ஜில் இன்டர்ஃபெரான் காமா ஆன்டிபாடியும் கிரான்சைம் பி என்ற வேறொரு புரதத்துக்கான ஆன்டிபாடியும் இருந்தால் குப்பி மாறிப்போவது நடக்கிற காரியம். பூசியதும் கண்டுபிடிப்பதும் ஒரே குளோனாக (ஒரே இடத்தில் ஒட்டும் ஒரே ஆன்டிபாடியாக) இருந்தாலும் புள்ளி வராமல் போகலாம்.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே திறந்தீர்களா? இது நம் ஊர்க் கோளாறு. குளிர்ந்த தூள் குப்பியை உடனே திறந்தால் சிங்கப்பூர் ஈரக்காற்று உள்ளே போய்ப் பனித்துளியாகப் படியும். தூளாக வந்த ஆன்டிபாடியையும் பிஎச்ஏவையும் அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். ஒருமுறை கரைத்ததைச் சிறு பங்குகளாகப் பிரித்து உறைய வையுங்கள்.

இன்குபேட்டர். மீடியம் இளஞ்சிவப்பும் ஊதாவுமாக மாறியிருந்தால் கார்பன் டை ஆக்சைடு போய்ச் சேரவில்லை. சீனப் புத்தாண்டு, தீபாவளி போன்ற நீண்ட விடுமுறைக்கு நடுவில் சிலிண்டர் தீர்ந்துபோவது இங்கே அடிக்கடி நடக்கிறது. திரையில் 5 என்று காட்டினாலும் தனி அளவியால் சரிபாருங்கள்.

இத்தனையும் சரி, நல்ல செல்லில் பிஎச்ஏ போட்டும் வெள்ளை என்றால் அப்போதுதான் கிட். தொகுதி எண்ணையும் மேற்சொன்ன சோதனை முடிவுகளையும் எழுதி விற்பனையாளரின் தொழில்நுட்பப் பிரிவுக்கு அனுப்புங்கள். “வேலை செய்யவில்லை” என்று ஒரு வரி அனுப்பினால் பத்துக் கேள்வி திரும்பி வரும்.

## ஆரோக்கியமானவருக்குப் புள்ளி உண்டு, நோயாளியின் பிஎச்ஏ குழி மட்டும் மோசம்

செல் அடிபட்டிருக்கிறது. எங்கே அடிபட்டது என்று ரத்தம் எடுத்ததிலிருந்து வரிசையாகத் தேடுங்கள்.

ரத்தம் எப்போது எடுத்தது, எப்படி வந்தது? எடுத்த எட்டு மணி நேரத்துக்குள் ஃபைக்காலில் (அடர்த்தியை வைத்துச் செல்லைப் பிரிக்கும் திரவம்) பிரித்துவிட்டால் நல்லது. ஒரு நாள் கழித்துப் பிரித்தால் கிரானுலோசைட்டுகள் (வேறு வகை வெள்ளணு) அடர்த்தி மாறி, பிபிஎம்சி வளையத்துக்குள் வந்துவிடும்; அவை இருக்கும் இடத்தில் டி செல் சரியாகச் சுரக்காது. ஐஸ் வைத்து அனுப்புவதும் தவறு. கூரியர் வண்டியில் மதிய வெயிலில் கிடப்பதும் தவறு. மருத்துவமனை வார்டிலிருந்து நம் ஆய்வகம் சில கிலோமீட்டர்தான் என்றாலும், வண்டி நடுவில் வேறு இரண்டு இடத்தில் நின்று வரும். பெட்டிக்குள் ஒரு வெப்பப் பதிவுக் கருவி போட்டால் விஷயம் ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். 18 முதல் 25 டிகிரிக்குள் இருந்தால் போதும்.

ஃபைக்கால் குளிர்ந்திருந்ததா? ஃபிரிட்ஜிலிருந்து நேரே எடுத்து ஊற்றினால் அடர்த்தி கூடி, பிரிப்பு குழம்பி, சிவப்பணு வளையத்தில் கலக்கும். அறை வெப்பத்துக்குக் கொண்டு வாருங்கள். நம் ஆய்வகங்களில் ஏசி பலமாக இருப்பதால் அதற்கு நேரம் பிடிக்கும். சென்ட்ரிஃபியூஜில் பிரேக் அணைந்திருக்க வேண்டும். முந்தின ஆள் பிரேக் போட்டுவிட்டுப் போயிருப்பார், நாம் பார்க்க மாட்டோம். நன்றாகப் பிரிந்த வளையம் பால் கலங்கியது போல் வெண்மையாக, மேலும் கீழும் தெளிவான எல்லையோடு நிற்கும். எல்லை கலைந்து ரத்தச்சிவப்பு ஏறியிருந்தால் அந்த மாதிரியின் குறிப்பில் எழுதி வையுங்கள், பின்னால் உதவும்.

உறைசெல்லா? உருக்கும்போதுதான் அதிகம் சாகிறது. 37 டிகிரி நீரில் சின்ன ஐஸ் துண்டு மிஞ்சும்வரை மட்டும் வையுங்கள். அப்புறம் வெதுவெதுப்பான மீடியத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அவசரப்பட்டு மொத்தமாக ஊற்றினால் உறைய வைக்கச் சேர்த்த டிஎம்எஸ்ஓவின் அழுத்தத்தில் செல் வெடிக்கும். கட்டி கட்டியாக நூல் போல் வந்தால் அது செத்த செல்லின் டிஎன்ஏ. உருக்கும் மீடியத்தில் பென்சோனேஸ் சேர்த்தால் கரையும். பிறகு இரவு முழுக்க இன்குபேட்டரில் ஓய்வு கொடுத்து, காலையில் மறுபடி எண்ணிப் போடுங்கள். உருக்கியவுடன் 90 சதவீதம் உயிரோடு என்று வந்த செல் காலையில் 60க்கு இறங்கியிருப்பது சாதாரணம், ஏனென்றால் சாகத் தொடங்கிய செல், செத்த செல்லைக் காட்டும் ட்ரைபன் நீலச் சாயத்துக்கு உடனே பிடிபடாது. ஓய்வுக்குப் பிந்திய எண்ணைத்தான் நான் நம்புவேன். 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அந்த மாதிரியை வைத்து முடிவு எழுத மாட்டேன்.

மருந்து. டி செல்லை அழிக்கும் ஏடிஜி கொடுத்த நோயாளியின் பிபிஎம்சியில் டி செல் மிகக் கொஞ்சமாகத்தான் இருக்கும். 3 லட்சம் என்று எண்ணிப் போட்டாலும் அதில் பெரும்பகுதி மோனோசைட். ஒரு சிறு பங்கை சிடி3 (டி செல்லின் அடையாளம்) சாயமிட்டு ஃப்ளோவில் (செல்லை ஒவ்வொன்றாக அளக்கும் லேசர் கருவி) ஓட்டுங்கள். புள்ளிகளை டி செல் எண்ணிக்கைக்கு ஏற்பச் சொல்லுங்கள். எதிர்ப்பை அடக்கும் டாக்ரோலிமஸ் மருந்து இன்டர்ஃபெரான் காமாவைக் குறைக்கும் என்பதால் எல்லா மாதிரியும் காலை மாத்திரைக்கு முன் எடுத்ததாக இருக்கட்டும், இல்லாவிட்டால் மாதத்துக்கு மாதம் ஒப்பிட முடியாது.

மருந்தை நிறுத்தச் சொல்வதோ அளவு கேட்டு மருத்துவரிடம் வாதாடுவதோ நம் வேலை இல்லை. மருந்துப் பட்டியலையும் ரத்தம் எடுத்த நேரத்தையும் ஆய்வு ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டு வாங்குங்கள். முறையைச் சரிபார்க்க நோயாளியின் மிச்ச ரத்தத்தை எடுத்துக்கொள்ளவும் கூடாது. 2015ஆம் ஆண்டின் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டப்படி அவர் சம்மதித்தது எதற்கோ அதற்கு மட்டும்தான் அந்த ரத்தம்.

## பிஎச்ஏ நன்றாக இருக்கிறது, கொடையாளி குழியில் மட்டும் புள்ளி இல்லை

இந்த இடத்தில்தான் அவசரப்பட்டு “நோயாளி ஏற்றுக்கொண்டுவிட்டார்” என்று எழுதிவிடுகிறார்கள். மூன்றாம் நபர் குழியைப் பாருங்கள்.

அங்கே புள்ளி உண்டு என்றால் நோயாளி செல் வெளிச்செல்லை அடையாளம் காண்கிறது. பிரச்சினை கொடையாளி செல்லில், அல்லது இது உண்மையான முடிவு. கொடையாளி செல்லின் உயிர்ப்பைப் பாருங்கள். கதிர்வீச்சு கொடுத்த பிறகு மணிக்கணக்கில் பெஞ்சில் கிடந்திருந்தால் வீண். 1:1 தவிர இன்னோர் அளவிலும் போட்டுப் பாருங்கள். கதிர்வீச்சுக்குப் பதில் மைட்டோமைசின் சி வைத்துச் செய்பவர்கள் குறைந்தது மூன்று முறை கழுவ வேண்டும், மிச்சம் இருந்தால் நோயாளி செல்லையும் கொல்லும். இருவருக்கும் எச்எல்ஏ (செல்லின்மேல் இருக்கும் அடையாளப் புரதம்) எவ்வளவு ஒத்திருக்கிறது என்று பட்டியலை எடுத்துப் பாருங்கள். முழுதும் ஒத்த சகோதரர் என்றால் புள்ளி வராததில் வியப்பில்லை.

மூன்றாம் நபர் குழியிலும் இல்லை என்றால் நோயாளியின் எதிர்ப்பு பொதுவாகவே அடங்கியிருக்கிறது. பிஎச்ஏ மிகப் பலமான தூண்டல், பாதி உயிரோடு இருக்கும் செல்லையும் எழுப்பிவிடும். அதை மட்டும் வைத்து செல் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. சிஎம்வி, ஈபிவி போன்ற வைரஸ் பெப்டைடு கலவை ஒரு குழியில் போடுங்கள். அதற்குப் பதில் வந்து கொடையாளிக்கும் மூன்றாம் நபருக்கும் வராவிட்டால் அது பேச வேண்டிய முடிவு.

மாற்றிப் பொருத்திய செல்லையே தூண்டியாகப் போடுகிறீர்களா? ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த செல்லும் மெசன்கைமல் செல்லும் எச்எல்ஏவைக் குறைவாகவே காட்டும். இரண்டாம் வகை எச்எல்ஏ பெரும்பாலும் இருக்காது, டி செல் விழிக்கத் தேவையான கூட்டுத் தூண்டலும் இருக்காது. மெசன்கைமல் செல் அதற்கும் மேலே போய்ப் பக்கத்து டி செல்லை அடக்கிவிடும். ஒரு குழியில் நோயாளி செல், பிஎச்ஏ, அந்தச் செல் மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். பிஎச்ஏ புள்ளி சரிந்தால் நீங்கள் அளப்பது எதிர்ப்பின்மையை அல்ல, அடக்குதலை. எச்எல்ஏவை ஃப்ளோவில் பார்த்துவிட்டு, குறைவாக இருந்தால் இன்டர்ஃபெரான் காமாவில் ஊற வைத்து, பின் நன்றாகக் கழுவிப் போடலாம். கழுவாமல் போட்டால் நீங்கள் விட்ட இன்டர்ஃபெரானையே தட்டு பிடித்துக் காட்டும்.

எச்எல்ஏ பட்டியலைப் படிப்பதில் சந்தேகம் வந்தால் எச்எல்ஏ ஆய்வகத்தாரிடம் கேட்டுவிடுங்கள், ஊகிக்க வேண்டாம்.

## கொடையாளி செல் மட்டும் போட்ட குழியில் புள்ளி

இதற்குத் தனித் தலைப்பு கொடுக்கக் காரணம் இருக்கிறது. கதிர்வீச்சு கொடுத்தால் செல் பெருகாது. ஆனால் சுரப்பது நிற்காது. 30 கிரே வாங்கிய டி செல் அடுத்த நாளும் இன்டர்ஃபெரான் காமா சுரக்கும். எனவே கொடையாளி பிபிஎம்சியில் டி செல் இருக்கும்வரை அதன் புள்ளியும் தட்டில் விழும்.

“கொடையாளி குழியின் எண்ணைக் கழித்துவிட்டேன்” என்பது பலர் சொல்லும் தீர்வு. அது போதாது. கொடையாளியின் டி செல் தனியாக இருக்கும்போது சும்மா இருக்கும்; நோயாளி செல்லைக் கண்டதும் அதுவும் எதிர்த்துச் சுரக்கும். அந்தப் புள்ளி கலந்த குழியில் மட்டும்தான் வரும், கழிக்கும் குழியில் வராது. ஆக, நோயாளி எதிர்க்கிறார் என்று நாம் எழுதுவது கொடையாளி செல் நோயாளியை எதிர்த்ததாக இருக்கலாம். மருந்தால் டி செல் ஒடுங்கிய நோயாளியில் இது இன்னும் ஆபத்து, ஏனென்றால் கலவையில் வலுவான டி செல் கொடையாளியுடையதுதான்.

தீர்வு, கொடையாளி செல்லிலிருந்து சிடி3 செல்லைக் காந்த மணியால் நீக்கிவிடுவது. நீக்கிய பிறகு ஃப்ளோவில் ஓட்டி, ஒன்றிரண்டு சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். கொடையாளி செல் கொஞ்சமாக இருந்தால் சிடி40 லிகண்ட் வைத்து அவருடைய பி செல்லை வளர்த்துத் தூண்டியாகப் பயன்படுத்தலாம். வாரக்கணக்கில் வேலை, செலவும் உண்டு. ஆனால் ஒரே கொடையாளியை ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டிய ஆய்வுக்கு அதுதான் ஏற்றது.

நீக்கியும் புள்ளி வருகிறதென்றால் நீக்கம் முழுமையாக நடந்ததா என்று மறுபடி பாருங்கள். கதிர்வீச்சின் அளவு போதாமல் செல் பெருகுகிறதோ என்று சந்தேகம் வந்தால் கதிர்வீச்சுக் கருவியின் பதிவைப் பார்க்க வேண்டும். அந்தக் கருவியை நீங்கள் தொடாதீர்கள். இங்கே கதிர்வீச்சுக் கருவி தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிமத்தின் கீழ் இயங்குகிறது. உங்கள் நிறுவனத்தின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிட்டு, கடைசியாக அளவு சரிபார்த்த பதிவைக் கேளுங்கள்.

## எல்லாக் குழியிலும் புள்ளி, தூண்டாததிலும்

செல்லே இல்லாத குழியைப் பாருங்கள். அங்கேயும் புள்ளி என்றால் செல் குற்றவாளி இல்லை: சாயத்தை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடிகட்டவில்லை, அல்லது ஸ்ட்ரெப்டாவிடினுக்கு முன் சரியாகக் கழுவவில்லை.

செல் உள்ள குழிகளில் மட்டும் என்றால் முதல் சந்தேகம் சீரம். கன்றுக்குட்டிச் சீரத்தின் சில தொகுதிகள் மனித செல்லைத் தாமாகவே தூண்டிவிடும். பழைய தொகுதியையும் புதியதையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டால் ஒரே தட்டில் தெரிந்துவிடும். நல்ல தொகுதி கிடைத்தால் ஆய்வு முடியும்வரைக்கும் போதுமானதை மொத்தமாக வாங்கி வையுங்கள். சீரமில்லா மீடியமும் நல்ல மாற்று. அடுத்த சந்தேகம் எண்டோடாக்சின், அதாவது பாக்டீரியாவின் நச்சு. அப்புறம் நோயாளிக்கு அந்த வாரம் காய்ச்சலோ தொற்றோ இருந்ததா என்று கேளுங்கள். இருந்திருந்தால் செல் ஏற்கெனவே விழித்துத்தான் வந்திருக்கும், அதைச் சோதனையால் சரிசெய்ய முடியாது. ரத்தத்தை வேறொரு நாள் எடுக்கலாமா என்று மருத்துவக் குழுவிடம் கேட்பதே வழி.

மீடியம் கலங்கியிருந்தால் தட்டை உடனே மூடி ஒதுக்கிவிடுங்கள். பல தட்டுகளில் காரணம் தெரியாமல் பின்னணி ஏறிக்கொண்டே போனால் வளர்ப்புச் செல்லுக்கு மைக்கோபிளாஸ்மா (மிகச் சிறிய பாக்டீரியா) சோதனை செய்யுங்கள். அது கலங்காது, கண்ணுக்கும் தெரியாது.

## புள்ளிகள் பிறையாக, ஒரு பக்கமாக, பாம்பு போல நெளிந்து

தட்டு அசைந்திருக்கிறது. செல் போட்ட பிறகு அறை வெப்பத்தில் கொஞ்ச நேரம் அப்படியே வைத்து, செல் அடியில் உட்கார்ந்ததும் மெதுவாக இன்குபேட்டருக்கு மாற்றுங்கள். ஒன்றன்மேல் ஒன்று அடுக்காதீர்கள். மறுநாள் வரை அந்தக் கதவை வேறு யாரும் திறக்காதபடி காகிதம் ஒட்டுங்கள். ஓரக் குழிகளில் மட்டும் கோணல் என்றால் நீர் ஆவியாகிறது; ஓர வரிசையில் செல்லுக்குப் பதில் பிபிஎஸ் (உப்புக் கரைசல்) நிரப்புங்கள். எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தால் இன்குபேட்டரின் உள்அடுக்கில் மட்டக்கோல் வைத்துப் பாருங்கள். அது சரியாக இருந்து வெப்பம் மூலைக்கு மூலை மாறினால் சர்வீஸ் ஆளைக் கூப்பிட வேண்டியதுதான்.

## சவ்வு முழுக்க நீலம்

சாயத்தில் அதிக நேரம் விட்டிருக்கிறீர்கள், அல்லது சரியாகக் கழுவவில்லை. சாயம் போட்டால் பக்கத்திலேயே நில்லுங்கள். புள்ளி தெளிந்ததும் குழாய் நீரில் காட்டி நிறுத்துங்கள், பின்பக்கத்து மூடியைக் கழற்றி அடிப்பக்கமும் கழுவுங்கள். பிஎச்ஏ குழி மட்டும் நீலக் குளமாக இருந்தால் அது கோளாறு இல்லை, செல் அதிகம். அங்கே 50 ஆயிரம் போதும். ட்வீன் (சோப்பு போன்றது) கலந்த பஃபரை இந்தச் சவ்வுக்குப் பயன்படுத்தாதீர்கள், கசியத் தொடங்கும்.

## மூன்று ஒரே மாதிரிக் குழிகள், மூன்று வேறு எண்

செல் கட்டிகட்டியாக இருக்கிறது, அல்லது குழாயில் அடியில் தங்கிவிட்டது. ஒவ்வொரு வரிசைக்கும் முன் குழாயைக் கவிழ்த்துக் கலக்குங்கள். பல்முனைப் பைப்பெட்டில் எல்லா முனையும் ஒரே உயரம் இழுக்கிறதா என்று தண்ணீரில் பாருங்கள். ஒரு முனை மட்டும் குறைந்தால் அளவுச்சான்றுக்கு அனுப்புங்கள்.

## சிஎஃப்எஸ்இ: பிரிந்த செல்லின் முகடுகள் தெரியவில்லை, அல்லது தூண்டாத செல்லே பிரிந்தது போலத் தெரிகிறது

ஐந்து, ஆறு நாள் வைக்கும் கலப்பு வளர்ப்பில் ஒவ்வொரு பிரிவுக்கும் சாயம் பாதியாக வேண்டும்.

எல்லாம் ஒரே அகன்ற மேடாக வந்தால் சாயம் சீராகப் பிடிக்கவில்லை. சாயமிடும்போது பஃபரில் சீரம் இருந்தால் சாயத்தை அதுவே குடித்துவிடும். புரதமில்லாத பிபிஎஸ்ஸில் செல்லை நன்றாகக் கலைத்து, 1 முதல் 5 மைக்ரோமோலார் சாயத்தை வேகமாகக் கலக்குங்கள்; சில நிமிடம் கழித்துச் சீரம் சேர்த்த குளிர்ந்த மீடியத்தால் நிறுத்துங்கள். செல் செத்தால் சாயம் கூடிவிட்டது, குறைத்துப் பாருங்கள்.

தூண்டாத செல்லும் மங்கிவிட்டது என்றால் பயப்பட வேண்டாம். முதல் நாளில் சிஎஃப்எஸ்இ தானாகவே கணிசமாக இறங்கும். ‘பிரியாத’ முகடு எங்கே என்று குறிக்க, முதல் நாள் ஓட்டிய மாதிரியைப் பயன்படுத்தாதீர்கள். அதே ஐந்து நாள் தூண்டாமல் வளர்த்த செல்லைப் பயன்படுத்துங்கள்.

கொடையாளி செல்லும் நோயாளி செல்லும் ஃப்ளோவில் கலந்து தெரிந்தால், கொடையாளி செல்லுக்கு வேறு நிறச் சாயம் இடுங்கள். பக்கத்து நிறத்துக்கு ஒளி கசிவது சிஎஃப்எஸ்இயின் பழைய தொல்லை. ஒற்றைச் சாய கன்ட்ரோல் இல்லாமல் அதைத் திருத்த முடியாது. கன்ட்ரோல் எல்லாம் இருந்தும் முகடு தினம் ஒவ்வோர் இடத்தில் விழுந்தால் லேசர் சரிவு. ஃப்ளோ மையத்து நிபுணரிடம் சொல்லி கருவியின் தரம் பார்க்கும் மணியின் அன்றைய முடிவைப் பாருங்கள். லேசரை நீங்களே திருகாதீர்கள்.

## மணிச் சோதனை ஒன்று சொல்கிறது, கிராஸ்மேட்ச் வேறொன்று சொல்கிறது

நோயாளி சீரத்தில் கொடையாளி எச்எல்ஏவுக்கு எதிரான ஆன்டிபாடி உண்டா என்று பார்ப்பது இது. மணிச் சோதனையில் எச்எல்ஏ ஒட்டிய சிறு மணியோடும், கிராஸ்மேட்சில் கொடையாளி செல்லோடும் சீரத்தைச் சேர்க்கிறோம். ஆய்வுக்குச் செய்கிறவர்களுக்கும் இந்த முரண் அடிக்கடி வரும்.

கிராஸ்மேட்ச் பாசிட்டிவ், மணியில் ஒன்றுமில்லை. முதலில் நோயாளி சீரத்தை அவருடைய சொந்தச் செல்லோடு ஓட்டுங்கள். அதுவும் பாசிட்டிவ் என்றால் கொடையாளிக்கு எதிரானதே இல்லை. பி செல் மட்டும் பாசிட்டிவ் என்றால் ரிடுக்ஸிமாப் எப்போது கொடுத்தார்கள் என்று கேளுங்கள். அந்த மருந்து பி செல்லின் சிடி20யில் தானே ஒட்டிக்கொள்கிறது, நம் சோதனையும் அதைப் பிடித்துக் காட்டும். செல்லை ப்ரோனேஸ் நொதி கொண்டு பக்குவப்படுத்தினால் அந்தப் பொய்ச் சமிக்ஞை குறையும். அப்புறமும் நின்றால் எச்எல்ஏ அல்லாத ஆன்டிபாடியாக இருக்கலாம்.

ஆனால் மணியில் ஒன்றுமில்லை என்பதையும் அப்படியே ஏற்காதீர்கள். ஆன்டிபாடி மிக அதிகமாக இருக்கும்போது சீரத்தின் காம்ப்ளிமென்ட் புரதம் மணியின்மேல் படிந்து, கண்டுபிடிக்கும் ஆன்டிபாடியை மறைத்துவிடும். சீரத்தைப் பத்தில் ஒன்றாகக் கரைத்தோ, ஈடிடிஏ சேர்த்தோ மறுபடி ஓட்டுங்கள். கரைத்தபோது எண் இறங்காமல் ஏறினால் இதுதான். பலமான ஆன்டிபாடி உள்ள நோயாளிக்கு “இல்லை” என்று எழுதிவிடும் ஆபத்து இங்கே இருப்பதால், ஏற்கெனவே உணர்வூட்டப்பட்ட (முன்பே எச்எல்ஏ ஆன்டிபாடி உருவான) நோயாளி என்று தெரிந்தால் முதல் ஓட்டத்திலேயே கரைத்தும் ஓட்டிவிடுவேன்.

மணி பாசிட்டிவ், கிராஸ்மேட்ச் நெகட்டிவ். எண் சிறியதா? அந்த எச்எல்ஏ செல்லின்மேல் குறைவாகக் காட்டப்படுவதா, உதாரணமாக சி அல்லது டிபி? மணியில் ஒட்டும்போது உருக்குலைந்த புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியும் உண்டு, அது உண்மைச் செல்லைத் தொடாது. கன்ட்ரோல் மணியே உயர்ந்திருந்தால் சீரத்தைச் சுழற்றித் தெளிவான மேல்பகுதியை எடுத்து மறுபடி ஓட்டுங்கள். அண்மையில் ஐவிஐஜி (பலரது ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடி மருந்து) ஏற்றியிருந்தாலும் முடிவு குழம்பும்.

ஆய்வு மாதிரி என்றாலும் இந்த முரண் நடப்பில் சிகிச்சையில் இருக்கும் ஒருவருடையதாக இருந்தால் உங்கள் மேசையிலேயே வைத்துத் தீர்க்கப் பார்க்காதீர்கள். அன்றே முதன்மை ஆய்வாளரிடம் சொல்லுங்கள்; அவர் மூலம் மருத்துவமனையின் எச்எல்ஏ ஆய்வகத்துக்குப் போகட்டும். போகும்போது சீரம் எடுத்த தேதி, ரிடுக்ஸிமாப், ஏடிஜி, ஐவிஐஜி கொடுத்த தேதிகள், கரைக்காத ஓட்டம், கரைத்த ஓட்டம், சொந்தச் செல் கிராஸ்மேட்ச் முடிவு, இத்தனையும் ஒரே தாளில் இருக்கட்டும். மிச்சச் சீரத்தை உருக்கி உறைய வைத்து மறுபடி உருக்காமல், பிரித்து வைத்த பங்காகவே கொடுத்தனுப்புங்கள்.